டெர்மினேட்டர் ரசிகர் மனம் விட்டுப்போனால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டிவி பழுதுபார்க்க வருகிறவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் “பிளக் சரியா மாட்டியிருக்கா?” என்றுதான் கேட்பார். நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பாதி நேரம் பிழை அங்கேதான் இருக்கும். டெர்மினேட்டர் படங்களை நினைத்து நொந்துபோகிறவர்களுக்கும் அப்படி ஒரு முறை தேவைப்படுகிறது. “எல்லாப் பாகமும் மொக்கை, ரெண்டோட நிறுத்தியிருக்கணும்” என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எங்கே பழுது என்று தெரியாது. எனக்குத் தெரிந்து இந்தத் தொடரில் குறைந்தது ஏழெட்டு வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று கண்டுபிடித்து அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

கதை முடிவுகள் எல்லாம் கீழே வெளிப்படையாக வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும். கதை மறந்துபோனவர்களுக்கு ஒரு வரி: எதிர்காலத்தில் ஸ்கைநெட் என்ற கணினி மனிதர்களை அழிக்கப் பார்க்கிறது, அதை எதிர்க்கும் தலைவன் ஜான் கானரையும் அவன் அம்மா சாராவையும் கொல்ல டெர்மினேட்டர் என்ற மனித உருவ இயந்திரங்களைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறது. ஸ்கைநெட் அணு ஏவுகணைகளை ஏவும் நாள்தான் தீர்ப்பு நாள்.

தொடங்கும் முன்: பிளக் சோதனை

1991இல் வந்த இரண்டாம் பாகத்தை, அதாவது ஜட்ஜ்மென்ட் டேயை, கடைசியாக எப்போது முழுசாகப் பார்த்தீர்கள்? யூடியூபில் லாரி துரத்தும் காட்சியை மட்டும் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. பத்து வருடம் ஆகிவிட்டது என்றால் முதலில் அதை உட்கார்ந்து பாருங்கள். நான் அதை முதலில் பார்த்தது வாடகைக் கேசட்டில், மாமா வீட்டில், படத்தின் மேல் பாதி கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்க. அந்தக் கோடுகளையும் சேர்த்துத்தான் மனம் அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தது. பிறகு நல்ல பிரதியில் பார்த்தபோது ஒரு பயத்தோடுதான் உட்கார்ந்தேன்.

பார்த்து முடித்ததும் படம் இன்னும் பிடித்திருந்தால் பழுது உங்களிடம் இல்லை, மேலே படியுங்கள். அதுவும் சப்பென்று இருந்தால் நேராகக் கடைசி அறிகுறிக்குப் போய்விடுங்கள். நடுவில் இருப்பவை உங்களுக்கு உதவாது.

அறிகுறி: டார்க் ஃபேட் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மனம் வெளியேறிவிட்டது

இதுதான் அதிகம் பேரிடம் இருக்கும் பழுது. இதற்குத்தான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும்.

2019இல் வந்த ஆறாம் படம் அது. 1998, குவாதமாலாவின் கடற்கரை. சாரா கானரும் சிறுவன் ஜானும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டெர்மினேட்டர் நடந்து வருகிறது, ஜானைச் சுட்டுக் கொல்கிறது, போய்விடுகிறது. அவ்வளவுதான். இரண்டேகால் மணி நேரம் ஓடி, உருக்காலையில் அர்னால்ட் கட்டை விரலை உயர்த்தியபடி உருகிய இரும்புக்குள் இறங்கிக் காப்பாற்றிய பையன், அடுத்த படத்தின் டைட்டில் ஓடும் முன் பிணம்.

இதை “அதிர்ச்சிக் காட்சி” என்று சொல்லிக் கடந்து போகாதீர்கள். அதிர்ச்சி வேறு, ஏமாற்றம் வேறு. இரண்டும் கலந்துபோயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: 2003இன் மூன்றாம் பாகம், ரைஸ் ஆஃப் த மெஷின்ஸ், உங்களுக்கு எப்படி இருந்தது? அதுவும் இரண்டாம் பாகத்தின் வெற்றியைத்தான் ரத்து செய்கிறது. சாரா ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டதாகப் போகிற போக்கில் சொல்கிறது. தீர்ப்பு நாளைத் தடுக்கவே முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும் என்கிறது. கோட்பாட்டளவில் அது செய்யும் துரோகம் இன்னும் பெரிது. ஆனாலும் அதன் கடைசிப் பத்து நிமிடத்தைப் பலர் மன்னித்திருக்கிறார்கள், நானும்தான். ஸ்கைநெட்டை நிறுத்தும் இடம் என்று நம்பி ஜானும் அவனோடு வரும் கேட் என்ற பெண்ணும் மலைக்குள் இருக்கும் சுரங்கத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. பழைய கணினிகள், தூசி. அது வெறும் பதுங்கு குழி. வெளியே ஏவுகணைகள் கிளம்பிவிட்டன. வானொலியில் யாரோ கூப்பிடுகிறார்கள், ஜான் பதில் சொல்லத் தொடங்குகிறான்.

வித்தியாசம் தெரிகிறதா? மூன்றாம் படம் நம் வெற்றியைப் பறிப்பதற்கு ஒரு முழுப் படத்தின் உழைப்பைப் போட்டது. அந்தத் தோல்வியே அதன் உச்சக்காட்சி. டார்க் ஃபேட் அதை மேசையைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு, பிறகு அதே விருந்தை வேறு இலையில் பரிமாறியது: ஸ்கைநெட்டுக்குப் பதில் லீஜியன், ஜானுக்குப் பதில் டானி, எதிர்காலத்திலிருந்து ஒரு காவலர், ஒரு கொலைகாரன். போன தடவை ஜெயித்ததற்குப் பலன் இல்லை என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்ட பிறகு, இந்தத் தடவை ஜெயித்தால் மட்டும் என்ன என்ற கேள்வி படம் முழுக்கக் கூடவே வரும். பழுது அங்கேதான், ஜான் செத்ததில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெர்மினேட்டரின் முதல் இரண்டு படங்களை எடுத்த ஜேம்ஸ் கேமரூன் 1986இல் இயக்கிய ஏலியன்ஸ் படத்தில் பாடுபட்டுக் காப்பாற்றப்பட்ட சிறுமியையும் சிப்பாயையும், 1992இல் வந்த அடுத்த பாகம் தொடக்கத்திலேயே கொன்றது. அதை வெளிப்படையாகக் குறைசொன்னவர்களில் கேமரூனும் ஒருவர். டார்க் ஃபேட்டின் தயாரிப்பாளரும் கதையில் பங்கு கொண்டவரும் அதே கேமரூன்தான்.

சரி, என்ன செய்யலாம்? படத்தை இன்னொரு முறை பார்க்க மனம் இருந்தால், அந்த முன்காட்சியைத் தள்ளிவிட்டு மெக்சிகோ நகரத்தில் தொடங்குங்கள். ஜான் இல்லை என்பது சாராவின் வாய்வழியாகப் பிற்பாடு தெரியவரும். சாராவாக நடிக்கும் லிண்டா ஹாமில்டன் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து இறங்கி வரும் காட்சிக்கும், மோட்டலில் மகனைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்துக்கும் அப்போது கூடுதல் எடை கிடைக்கிறது. நான் அப்படிப் பார்த்தேன். படம் சுமாரிலிருந்து பரவாயில்லைக்கு ஏறியது. அதற்கு மேல் ஏறாது.

அறிகுறி: யார் யாரை எப்போது அனுப்பினார்கள் என்றே புரியவில்லை

பயப்பட வேண்டாம், உங்கள் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. குழப்பம் படங்களில் உள்ளது. ஆறு படங்கள் வரிசையாக ஒரே கதை சொல்கின்றன என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

1984இன் முதல் படம் ஒரு மூடிய வட்டம். 2029இலிருந்து வந்த கைல் ரீஸ்தான் ஜானின் தந்தை. சாராவைக் கொல்ல இயந்திரத்தை அனுப்பியதால்தான் ஜான் பிறக்கவே செய்கிறான். கடைசிக் காட்சியில் மெக்சிகோ பெட்ரோல் பங்கில் ஒரு சிறுவன் சாராவைப் புகைப்படம் எடுக்கிறான். அந்தப் படத்தைத்தான் எதிர்காலத்தில் கைல் கையில் வைத்திருந்தான். எல்லாமே பொருந்திவிட்டது, எதையும் மாற்ற முடியாது. இரண்டாம் படம் அந்த வட்டத்தை வேண்டுமென்றே உடைத்தது: விதி என்று ஒன்றில்லை, நாம் செய்வதுதான் என்றது. மூன்றாம் படம் திரும்பவும் மூடியது. இப்படித் திறந்து மூடித் திறந்ததில் கதவின் கீல் கழன்றுவிட்டது.

2015இன் ஜெனிசிஸ் இன்னொரு படி போய், 1984க்கே திரும்பி அந்த ஆண்டையே மாற்றியது. அங்கே சாரா ஏற்கெனவே தயாராக இருக்கிறாள். 1973லிருந்து அவளை வளர்த்தது ஒரு டெர்மினேட்டர், அவள் அதை ‘பாப்ஸ்’ என்று கூப்பிடுகிறாள். அதை அனுப்பியது யார்? அடுத்த பாகத்தில் சொல்கிறோம் என்று விட்டார்கள். அடுத்த பாகங்களுக்கு 2017, 2018 என்று வெளியீட்டுத் தேதிகூட வைத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. ஆகவே அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். விடையே எடுக்கப்படாத கேள்வி அது.

நடைமுறைத் தீர்வு: ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கதையில் சேர்க்காதீர்கள். 1, 2 என்று போய் நிறுத்தலாம். 1, 2, 3, பிறகு 2009இன் சால்வேஷன் என்று போகலாம், இருட்டான முடிவு பிடித்தவர்களுக்கு இது. 1, 2, டார்க் ஃபேட் என்றும் போகலாம், அந்தப் படமே தன்னை அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. ஜெனிசிஸ் எந்த வழியிலும் சேராது, தனித்தீவு. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்தூக்கத்தில் பார்க்க ஏற்றது. இளவயது அர்னால்டும் வயதான அர்னால்டும் மோதும் காட்சி வரைக்கும் விழித்திருந்தால் போதும்.

அறிகுறி: வில்லன் என்னென்னவோ செய்கிறான், ஆனால் பயமே வரவில்லை

“கிராஃபிக்ஸ் அதிகமாகிவிட்டது” என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாம் பாகத்தின் வில்லன் இயந்திரமான டி-1000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதைப் படம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தொட்ட ஆளின் உருவத்தை எடுக்கும். கையைக் கத்தியாகவும் கம்பியாகவும் நீட்டும். ஆனால் துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ மாற முடியாது, உள்ளே நகரும் பாகங்கள் வேண்டிய எதுவும் முடியாது. இந்த விதிகள் தெரிந்ததால்தான் ஒவ்வொரு காட்சியிலும் நாம் கூடவே கணக்குப் போடுகிறோம்: லிஃப்ட் கதவு தாங்குமா? திரவ நைட்ரஜனில் உறைந்தால்? சூடு பட்டால் உருகுமே?

பிறகு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாம் பாகத்தின் டி-எக்ஸ் வெளியே திரவம், உள்ளே எலும்புக்கூடு, கையில் பீரங்கி, மற்ற வண்டிகளையும் இயக்கும். ஜெனிசிஸில் வருவது துகள் துகளாகக் கலைந்து சேரும். டார்க் ஃபேட்டின் ரெவ்-9 இரண்டாகவே பிரிந்து நிற்கும். சக்தி கூடக் கூட நாம் போடும் கணக்கு குறைந்துகொண்டே வந்தது. எது செய்தாலும் எழுந்து வரும், கடைசி ரீலில் மட்டும் எப்படியோ சாகும். அப்புறம் எங்கே பயம்?

கிராஃபிக்ஸ் விஷயத்திலும் ஒரு தவறான நினைவு நமக்கு இருக்கிறது. இரண்டாம் பாகம் கணினி வரைகலையின் மைல்கல் என்பது சரிதான். ஆஸ்காரில் காட்சி விளைவு, ஒப்பனை, ஒலி, ஒலி விளைவுத் தொகுப்பு என்று நான்கு வாங்கியது. ஆனால் டி-1000 கணினியில் பிறந்து திரையில் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதியெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மைகள், ஒப்பனை, கைவேலை. மருத்துவமனைக் காவலாளி இரண்டாகத் தெரியும் இடத்தில் நிஜ இரட்டையரை நடிக்க வைத்தார்கள். உருக்காலையில் இரண்டு சாரா தெரியும் இடத்தில் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி உதவினார். ஹெலிகாப்டர் மேம்பாலத்துக்கு அடியில் நுழைவது நிஜமாகவே ஓட்டியது. இதற்கெல்லாம் மேலே டி-1000ஆக நடித்த ராபர்ட் பேட்ரிக் என்ற மனிதர் இருந்தார். வாயைத் திறந்து மூச்சுவாங்காமல் ஓடவும், சுடும்போது கண் இமைக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டவர். நம்மைப் பயமுறுத்தியது அந்த மூடிய வாய்தான்.

முதல் படத்தில் இதுகூடக் கிடையாது. 64 லட்சம் டாலர் பட்ஜெட், பெரும்பாலும் இரவு, லாஸ் ஏஞ்சலஸின் காலித் தெருக்கள். பணம் இல்லாததால் காட்டாமல் விட்டதெல்லாம் பயமாக மாறியது.

இந்தப் பழுதுக்கு வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்றுதான்: புதுப் படத்தைப் பார்க்கும்போது, இருபது நிமிடத்துக்குள் “இதற்கு என்ன முடியாது?” என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைக்கவில்லை என்றால் பயத்தை எதிர்பார்க்காமல் பாப்கார்னோடு சமாதானமாகிவிடலாம்.

அறிகுறி: ட்ரெய்லரிலேயே எல்லாம் தெரிந்துபோய்விட்டது

ஜெனிசிஸ்தானே? ஜான் கானரே இயந்திரமாக மாறிவிட்டான் என்பது அந்தப் படத்தின் ஒரே பெரிய திருப்பம். அதை ட்ரெய்லரில் போட்டு, போஸ்டரிலும் ஒட்டினார்கள். இயக்குநர் ஆலன் டெய்லருக்கே அதில் உடன்பாடில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ஆனால் நியாயமாகச் சொன்னால் இது பழைய வியாதி. இரண்டாம் பாகத்தின் முதல் அரை மணி நேரத்தை மறுபடி பாருங்கள். அர்னால்ட் நல்லவனா, போலீஸ் உடையில் வருபவன் நல்லவனா என்று தெரியாதபடிதான் கேமரூன் கட்டியிருக்கிறார். வணிக வளாகத்தின் பின்வழியில் ரோஜாப் பெட்டிக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிவரும் கணம் வரை அந்த ஆட்டம் நடக்கிறது. 1991இன் விளம்பரங்கள் அதைப் படம் வரும் முன்பே உடைத்துவிட்டன. படம் நன்றாக இருந்ததால் யாரும் சண்டைக்குப் போகவில்லை. ட்ரெய்லர் பார்க்காதீர்கள், வேறு மருந்து இல்லை.

அறிகுறி: கேட்டதைத்தானே கொடுத்தார்கள், ஏன் பிடிக்கவில்லை?

எதிர்காலப் போரை முழுப்படமாக எடுங்கள் என்று எத்தனை வருடம் கேட்டோம்! 2009இல் சால்வேஷன் அதைத்தான் செய்தது. கிறிஸ்டியன் பேல் வேறு. இருந்தும் வெளியே வரும்போது ஒரு வெறுமை.

முதல் படத்தில் அந்தப் போர் சில நிமிடங்கள்தான் வரும், அதுவும் கைலின் நினைவாக. எப்போதும் இரவு. மண்டை ஓடுகளின் மேல் ஏறும் சக்கரங்கள், ஊதா நிற ஒளிக்கீற்றுகள், பதுங்கு குழியில் உடைந்த டிவிக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் குழந்தைகள். அது தூங்க முடியாத ஒருவனின் கெட்ட கனவு. சால்வேஷன் அதைப் பகல் வெளிச்சத்தில், 2018 என்று ஆண்டு போட்டு, புழுதியும் ஹெலிகாப்டருமாகக் காட்டியது. அது வேறு எந்தப் போர்ப் படமாகவும் இருந்திருக்கலாம். நாம் கேட்டது போரை என்று நினைத்தோம். உண்மையில் கேட்டது கைலின் கனவை.

அதோடு ஒட்டுவேலையும் சேர்ந்துகொண்டது. முதலில் எழுதிய முடிவில் ஜான் இறந்துபோகிறான். போராளிகளுக்குத் தலைவன் வேண்டும் என்பதற்காக, பாதி இயந்திரமான மார்கஸுக்கு ஜானின் முகத்தைப் பொருத்துகிறார்கள். விஷயம் இணையத்தில் கசிந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள், முடிவு மாறியது. கிடைத்தது என்ன? பாலைவனக் கூடாரத்தில் இதய மாற்று அறுவை சிகிச்சை. நம் சத்தத்துக்குப் பயந்து படம் கெட்ட இடமும் உண்டு என்பதை இந்த ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தப் பைத்தியக்கார முடிவு குறைந்தபட்சம் நினைவில் நின்றிருக்கும்.

ஆன்டன் யெல்சின் இளம் கைல் ரீஸாக நடிக்கும் காட்சிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் கைலாக நடித்த மைக்கேல் பீனின் பேச்சையும் பதற்றத்தையும் அந்தப் பையன் எப்படிப் பிடித்திருக்கிறான் என்பது தெரியும்.

அறிகுறி: அர்னால்டுக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடலாமே

இது பழுதே இல்லை. மேல்தோல் மனிதத் தசை, அதனால் மூப்படையும் என்று ஜெனிசிஸ் சொன்ன விளக்கம் உருப்படியானதுதான். கவர்னர் வேலையில் இருந்ததால் சால்வேஷனுக்கு அவர் வரவில்லை. வேறொருவர் உடலில் அவருடைய பழைய முகத்தைக் கணினியில் ஒட்டினார்கள், அதைவிட நரைத்த தாடி எவ்வளவோ மேல். உங்களை உறுத்துவது அநேகமாக ஜோக்குகள். இரண்டாம் பாகத்தில் இயந்திரம் சிரிக்கப் பழகுவது பையனின் தனிமையிலிருந்து வந்தது. மூன்றாம் பாகத்தில் நட்சத்திர வடிவக் கூலிங்கிளாஸ் வந்தது சிரிக்க வைக்க மட்டும்.

அறிகுறி: “பெண்களை முன்னால் வைத்ததால்தான் கெட்டது” என்று நண்பர் சொல்கிறார்

நண்பரிடம் 1984 படத்தைக் கொடுங்கள். இயந்திரத்தை நசுக்கும் பொத்தானை அமுக்குவது யார் என்று கேளுங்கள். வேறு பழுதைத் தேடச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு தடவையும் புதிய தொடக்கம் என்கிறார்கள், ஒரு தடவையும் முடிப்பதில்லை

மேலே சொன்ன பல பழுதுகளுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. திரையில் தேடிப் பயனில்லை, பத்திரங்களைப் பார்க்க வேண்டும்.

கேமரூன் முதல் படத்தை எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் போதும் என்று, தன்னை இயக்குநராக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரு டாலருக்கு விற்றார். அந்த ஒரு டாலருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தைச் சுமார் 10 கோடி டாலர் செலவில் எடுத்த கரோல்கோ, உலகம் முழுக்க 50 கோடிக்கு மேல் வசூலான அந்தப் படத்துக்குப் பிறகும், மற்ற படங்கள் கையைக் கடித்ததில் 1995இல் திவாலானது. அதன் பழைய முதலாளிகளான மரியோ கஸாரும் ஆண்ட்ரூ வாய்னாவும் உரிமையைத் திரும்ப வாங்கி மூன்றாம் பாகம் எடுத்தார்கள். அவர்களிடமிருந்து ஹால்சியன் என்ற நிறுவனத்துக்குப் போனது. அது சால்வேஷனை எடுத்து, படம் வெளியான அதே 2009இல் திவால் மனு கொடுத்தது. 2010 ஏலத்தில் பசிஃபிகோர் என்ற முதலீட்டு நிறுவனம் 2.95 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே மேகன் எலிசனின் அன்னபூர்ணா பிக்சர்ஸ் வாங்கியது. பிறகு ஸ்கைடான்ஸும் பாராமவுண்டும் சேர்ந்து ஜெனிசிஸ்.

ஊரில் பாகம் பிரியாத வீடு ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வாங்குகிறவர் ஒவ்வொருவரும் முன்னவர் கட்டிய அறையை இடித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு முகப்பு கட்டுவார். மாடி எழும்பாது. சால்வேஷன் மூன்று படங்களின் முதல் பாகமாகத் திட்டமிடப்பட்டது. ஜெனிசிஸும் அப்படியே. டார்க் ஃபேட்டுக்கும் தொடர்ச்சி யோசித்திருந்தார்கள். மூன்று வாசல், ஒரு கூடமும் இல்லை.

வசூலும் இதற்குத் துணைபோனது. சால்வேஷன் சுமார் 20 கோடி டாலர் செலவில் 37 கோடி வசூலித்தது. ஜெனிசிஸ் 15.5 கோடிக்கு 44 கோடி, அதில் 11 கோடிக்கு மேல் சீனாவில். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டிக்கெட் பணத்தில் பாதியளவு தியேட்டர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. டார்க் ஃபேட் 18.5 கோடிக்கு 26 கோடிதான், அப்பட்டமான நஷ்டம். அடுத்ததற்குப் பணம் போடுகிறவர் “அதன் தொடர்ச்சி” என்று சொல்லத் துணிவாரா? பழையதை அழி, புதிதாகத் தொடங்கு என்பதுதான் பாதுகாப்பான வழியாகத் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில், எழுதியவர் விட்டுக்கொடுத்த உரிமையை 35 ஆண்டு கழித்து அந்த நாட்டுக்குள் திரும்பக் கோரலாம். 1984உடன் 35ஐக் கூட்டினால் 2019. கேமரூன் தயாரிப்பாளராகத் திரும்பிய டார்க் ஃபேட் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

இந்தப் பழுதை ரசிகர் நீக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று: அடுத்த அறிவிப்பு வரும்போது யார் நடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், இது தனிப்படமா, “முத்தொடரின் முதல் பாகமா” என்று பாருங்கள். இரண்டாவது என்றால் டிக்கெட்டை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். முதல் வாரத்தில் வருகிற ரசிகர்களை நம்பித்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது.

அறிகுறி: இப்போது இரண்டாம் பாகம்கூடச் சலிக்கிறது

பிளக் சோதனையிலிருந்து நேராக வந்தவர்களுக்கு.

பின்னால் வந்த படங்கள் முன்னால் வந்ததைக் கறைப்படுத்திவிட்ட நிலை இது. ஜான் சிரிக்கும்போதே “நீ 1998இல் சாகப்போகிறாய்” என்று மனம் சொல்கிறது. ஆறு மாதம் எதையும் பார்க்காதீர்கள். பிறகு முதல் படத்தை மட்டும், தனியாக, இரவில் பாருங்கள். அது ஒரு பேய்ப்படம்போல எடுக்கப்பட்டது. அதற்கு முன்பின் எதுவும் தேவையில்லை. அங்கிருந்து இரண்டுக்குப் போகலாம்.

இரண்டுக்கு வேறொரு முடிவும் எடுத்து வைத்திருந்தார்கள். வட்டுகளின் கூடுதல் பகுதியில் கிடைக்கும். 2029. வாஷிங்டனில் ஒரு பூங்கா. தலை நரைத்த சாரா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஜான் செனட்டர் ஆகிவிட்டான். ஸ்கைநெட் வரவில்லை. பேத்தி ஓடி வந்து செருப்பு நாடாவைக் கட்டச் சொல்கிறாள். ஒப்பனை கொஞ்சம் செயற்கை, பேச்சும் கொஞ்சம் சர்க்கரை. கேமரூன் அதை வெட்டிவிட்டு, இரவுச் சாலை விரைந்து ஓடும் காட்சியை வைத்தது கலையாகச் சரியான முடிவு. ஆனால் மனம் புண்பட்ட ரசிகருக்கு மருந்து பூங்கா முடிவுதான். அதோடு கதையை மூடினால் பின்னால் யாரும் நுழைய வழியே இல்லை.

அதுவும் போதவில்லை, சாராவோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றால் 2008-09இல் ஃபாக்ஸில் வந்த ‘த சாரா கானர் கிரானிக்கிள்ஸ்’ என்ற டிவி தொடர் இருக்கிறது. லீனா ஹெடி சாராவாக, சம்மர் கிளாவ் இயந்திரப் பெண்ணாக, மொத்தம் 31 பகுதிகள். மூன்றாம் பாகத்தை ஒதுக்கிவிட்டு இரண்டிலிருந்து தொடங்கும். அம்மாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்ளவே அதில் நேரம் உண்டு. பெரிய படங்கள் எதிலும் கிடைக்காத வசதி அது. 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த டெர்மினேட்டர் ஸீரோ என்ற அனிமேயும் எட்டே பகுதிதான், 1997இன் டோக்கியோவில் முற்றிலும் புதிய ஆட்களோடு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். டிவி தொடர் சரியாக ஒரு பெரிய திருப்பத்தில், ஜான் வேறோர் எதிர்காலத்தில் வந்து நிற்கும்போது அறுந்துபோகிறது. முப்பதாவது பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டால், என்னால் முடியவில்லை.